செங்கோண முக்கோணிகளின் இயல்பொத்தமை

கேத்திரகணிதம் என்னும் பெயரே அக்கலையின் பிறப்பைக் கூறி நிற்கின்றது. கேத்திரம் என்பது நிலம். நிலத்தை அளந்தறிய முற்பட்ட மக்களின் தேவையிலிருந்து தோன்றிய இக்கலை, காலப்போக்கில் நிலத்தை விட்டு நீங்கிக் கரும்பலகையிற் குடிபுகுந்தது. அதனால் அது பெற்ற தெளிவு பெரிது, இழந்ததும் சிறிதன்று. இயல்பொத்த முக்கோணிகள் பற்றிய தேற்றத்தை எழுத்துப் பிசகாது ஒப்புவிக்கும் மாணவன், அதே முக்கோணியைச் சற்றுத் திருப்பி வரைந்து காட்டிய மாத்திரத்தே திகைத்து நிற்கின்றான். ஒத்த பக்கங்கள் எவை என வினவினால், இடப்பக்கத்தை இடப்பக்கத்தோடும் வலப்பக்கத்தை வலப்பக்கத்தோடும் சேர்த்துக் கூறுகின்றான். கணிதத்திற் சித்தி பெறாமை பல மாணவருக்கு மேற்படிப்பின் வாயிலையே அடைத்துவிடுகின்ற இந்நாட்டில், இத்திகைப்பு ஒரு சிறு குறையென்று தள்ளத்தக்கதன்று. அதன் வேர் யாது, அதனைக் களையும் வழி யாது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இயல்பொத்தமை யாது?

இரு உருவங்கள் வடிவினால் ஒன்றாகவும் அளவினால் வேறாகவும் இருக்கலாம். அவற்றை இயல்பொத்தவை என்பர். வடிவும் அளவும் ஒருங்கே ஒன்றாயின் அவை ஒருங்கிசைவன. ஆகவே ஒருங்கிசைவு என்பது இயல்பொத்தமையின் ஒரு சிறப்பு நிலையேயாம். தேர்ச்சிலையைச் செதுக்கும் தச்சன் முதலில் ஒரு சிற்றுருவை வரைந்து, பின்னர் அதனைப் பெரிதாக்குகின்றான். முகத்தை இருமடங்காக்கியவன் கையையும் இருமடங்காக்குதல் வேண்டும். முகத்திற்கு ஒரு சாண் கூட்டினேன், கைக்கும் ஒரு சாண் கூட்டுவேன் என்பானாயின் உருவம் சிதையும். இயல்பொத்தமையின் உயிர் பெருக்கலில் உளது, கூட்டலில் இல்லை. மாணவர் உள்ளத்திற் பதியவேண்டிய முதலுண்மை இதுவே.

முக்கோணிகளைப் பொறுத்தவரை ஒரு பெரும் நன்மை உண்டு. ஒரு முக்கோணியின் கோணங்கள் மற்றொன்றின் கோணங்களுக்கு முறையே சமமாயின், பக்கங்கள் தாமாகவே விகிதசமமாகின்றன. நாற்கோணிகளுக்கு இவ்வியல்பு இல்லை. சதுரமும் நீள்சதுரமும் நான்கு செங்கோணங்களையும் ஒப்பக் கொண்டவை. எனினும் அவை இயல்பொத்தவை ஆகா. முக்கோணிக்கே உரிய இச்சிறப்பை யூக்கிளிட்டு தம் நூலின் ஆறாம் புத்தகத்தில் நிறுவினார். அவர் வாழ்ந்த காலம் கி.மு. 300 ஐ ஒட்டியது.

இனி, முக்கோணியின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை ஆதலால், இரண்டு கோணங்கள் சமமாயின் மூன்றாவதும் சமமாகும். செங்கோண முக்கோணியிலோ ஒரு கோணம் முன்னரே 90 பாகை எனத் தெரிந்தது. ஆகவே ஒரேயொரு கூர்ங்கோணம் சமமென்று காட்டினால் போதும். இரு செங்கோண முக்கோணிகளும் இயல்பொத்தவையாகும். மற்றைய முக்கோணிகளுக்கு இரண்டு சான்றுகள் வேண்டும். இதற்கு ஒன்றே போதும். உலகத்தை அளக்கப் புகுந்தோர் யாவரும் செங்கோண முக்கோணியையே துணைக்கொண்டமைக்கு இவ்வெளிமையே காரணம்.

கோலும் நிழலும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவீதியில் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை ஆகிய ஊர்களைக் கடந்து ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது சித்தாண்டி. சித்திர வேலாயுத சுவாமி ஆலயத்தாற் புகழ்பெற்ற அவ்வூரில் வயலும் தென்னையும் வெயிலும் குறைவில்லாதவை. இப்பாடத்திற்கு வேண்டிய கருவிகளும் அவையே.

பாடசாலை முற்றத்தில் 100 சதமமீற்றர் நீளமான கோலொன்று செங்குத்தாக நாட்டப்பட்டுள்ளது எனக் கொள்க. காலை வேளையில் அதன் நிழல் 80 சதமமீற்றர். அதே வேளையில் அருகே நிற்கும் நேரிய தென்னையின் நிழல் 12 மீற்றர். தென்னையின் உயரம் யாது?

கோல், அதன் நிழல், கோலின் நுனியிலிருந்து நிழலின் நுனிக்கு வரும் கதிர் ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணியை ஆக்குகின்றன. தென்னை, அதன் நிழல், அதன் உச்சியைத் தொட்டு வரும் கதிர் ஆகியனவும் அவ்வாறே. சூரியன் ஏறக்குறைய 15 கோடி கிலோமீற்றர் தொலைவில் உள்ளதாகலின், ஒரு முற்றத்தில் வந்து விழும் கதிர்களைச் சமாந்தரமானவை எனக் கொள்வதில் இழுக்கில்லை. சமாந்தரக் கதிர்கள் மட்டமான நிலத்தோடு ஆக்கும் கோணங்கள் சமம். ஒரு கூர்ங்கோணம் சமமாயிற்று, முக்கோணிகள் இயல்பொத்தவை. கோல் தன் நிழலைப்போல் 100/80 மடங்கு, அஃதாவது ஒன்றேகால் மடங்கு உயரமானது. தென்னையும் தன் நிழலைப்போல் ஒன்றேகால் மடங்கு உயரமானதாதல் வேண்டும். ஆகவே உயரம் 15 மீற்றர்.

இவ்விடத்திலேயே பல மாணவர் வழுக்கி விழுகின்றனர். கோலுக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு 20 சதமமீற்றர். ஆகவே தென்னைக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடும் அவ்வளவே. உயரம் 12 மீற்றர் 20 சதமமீற்றர் என அவர்கள் விடை கூறுவர். இவ்விடையைச் சிவப்பு மையாற் கீறிவிடுதல் எளிது. ஆனால் கீறியதனால் அவ்வெண்ணம் நீங்குவதில்லை. அதே வேளையில் 10 சதமமீற்றர் நீளமான ஈர்க்கு ஒன்றை நாட்டச் செய்க. மாணவனது விதியின்படி அதன் நிழல் ஈர்க்கிலும் 20 சதமமீற்றர் குறைந்ததாதல் வேண்டும். அஃதாவது ஒன்றுமில்லாமையினும் குறைந்ததாதல் வேண்டும். நிலத்திலோ 8 சதமமீற்றர் நிழல் கண்முன்னே கிடக்கின்றது. தன் விதி பொய்த்ததை மாணவன் தானே காண்கின்றான். ஈர்க்கின் நிழல் போதித்ததை எந்தக் கண்டனமும் போதித்தல் அரிது.

இம்முறையைக் கையாள்வோர் சில எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். இரு நிழல்களையும் ஒரே வேளையில் அளத்தல் வேண்டும். சூரியன் மணிக்கு 15 பாகை வீதம் வானிற் பெயர்வது போலத் தோன்றுதலின், சிறு தாமதமும் கோணத்தை மாற்றிவிடும். நிலம் மட்டமாக இருத்தல் வேண்டும். சாய்ந்து வளர்ந்த தென்னைக்கு நிழல் அடிமரத்திலிருந்து அன்று, உச்சிக்கு நேர்கீழான புள்ளியிலிருந்தே அளக்கப்படுதல் வேண்டும். அன்றேல் முக்கோணி செங்கோண முக்கோணியாகாது. மேலும் குறுங்கோல் பெரும்பிழை விளைக்கும். மேற்காட்டிய கணக்கிற் கோலின் நிழலை 80 இற்குப் பதிலாக 81 என அளந்துவிட்டால், தென்னையின் உயரம் ஏறக்குறைய 19 சதமமீற்றர் குறைந்து தோன்றும். 200 சதமமீற்றர்க் கோலைக் கொண்டு அதே ஒரு சதமமீற்றர்ப் பிழையைச் செய்தால் இழப்பு ஏறக்குறைய 9 சதமமீற்றரே. பிழையும் மடங்காற் பெருகும் என்பது இயல்பொத்தமையின் மற்றொரு பாடம்.

கிரேக்க அறிஞராகிய தேலிசு எகிப்தின் கூர்நுதிக் கோபுரத்தின் உயரத்தை நிழலால் அளந்தார் எனப் பழைய நூலாசிரியர் கூறுவர். மனிதனின் நிழல் அவனது உயரத்திற்குச் சமமாகும் வேளையைப் பார்த்திருந்து அவர் அளந்தார் என்பது ஒரு வரலாறு. கோலையும் விகிதத்தையும் பயன்படுத்தினார் என்பது மற்றொரு வரலாறு. முன்னையது விகிதம் ஒன்றாக அமையும் சிறப்பு வேளையை நாடிற்று. பின்னையது எவ்வேளைக்கும் பொருந்தும். சிறப்பிலிருந்து பொதுமைக்குச் செல்லும் கணிதத்தின் நடையை இவ்விரு வரலாறுகளும் ஒருங்கே காட்டுகின்றன.

நண்பகற் சாயை

செங்குத்தாக நாட்டிய கோலைச் சங்கு என்றும், அதன் நிழலைச் சாயை என்றும் பாரத தேசத்து வானநூலார் வழங்கினர். சங்கினை 12 அங்குலமாகக் கொள்வது அவர்தம் மரபு. சூரியன் பூமத்திய ரேகைக்கு நேரே நிற்கும் நாள்கள் ஆண்டிற்கு இரண்டு. அவை மார்ச் 20 அல்லது 21 ஐயும், செப்டெம்பர் 22 அல்லது 23 ஐயும் ஒட்டி வருவன. அந்நாள்களில் நண்பகலிற் காணும் சாயையைப் பலபா என்றனர். ஓரிடத்தின் இலக்கின உதயத்தைக் கணிப்பதற்கு இச்சாயையின் நீளமே அடிப்படையாயிற்று.

அந்நாளின் நண்பகலிற் சூரியகதிர் கோலோடு ஆக்கும் கோணம், அவ்விடத்தின் அகலக்கோட்டுக் கோணத்திற்குச் சமம். சித்தாண்டியின் அகலக்கோடு ஏறக்குறைய 7.8 பாகை வடக்கு. ஆகவே 120 சதமமீற்றர் நீளமான கோலொன்று அங்கே அன்று தரும் நிழல் ஏறக்குறைய 16.4 சதமமீற்றர். அதே கோல் யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய 20.4 சதமமீற்றரும், சென்னையில் ஏறக்குறைய 28 சதமமீற்றரும், பண்டை வானநூலார் தம் கணக்குகளுக்கு முதலிடமாகக் கொண்ட உச்சயினியில் ஏறக்குறைய 51 சதமமீற்றரும் நிழல் தரும். 12 அங்குலச் சங்கிற்கு இவற்றைப் பத்தால் வகுத்துக் கொள்க: சித்தாண்டிக்கு 1.64 அங்குலம், யாழ்ப்பாணத்திற்கு 2.04 அங்குலம். ஒரு கோலும் ஒரு நிழலும் ஓர் ஊர் பூமியின் எப்பாகத்தில் உள்ளது என்பதை உரைத்துவிடுகின்றன. முற்றத்திலுள்ள சிறு முக்கோணி, பூமியின் மையத்தை உச்சியாகக் கொண்ட பெருமுக்கோணிக்கு இயல்பொத்ததாதலே இதற்குக் காரணம்.

இதனைச் செய்து பார்க்க விரும்புவோர் கடிகாரத்தை நம்பலாகாது. இலங்கையின் நியம நேரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டியது. சித்தாண்டி அதற்கு ஏறக்குறைய ஒரு பாகை மேற்கே உள்ளது. சூரியனது ஓட்டத்தின் ஒழுங்கின்மையும் சேர்தலின், அங்கே உண்மை நண்பகல் மார்ச் 21 இல் ஏறக்குறைய 12 மணி 11 நிமிடத்திலும், செப்டெம்பர் 23 இல் ஏறக்குறைய 11 மணி 56 நிமிடத்திலும் நேர்கின்றது. நிழல் மிகக் குறுகி நிற்கும் வேளையே நண்பகல் என்று கொள்வது சாலும்.

சூரியன் சித்தாண்டிக்கு நேர் உச்சியில் வரும் நாள்களும் உண்டு. சித்திரைப் புத்தாண்டிற்குச் சில நாள் முன்னராக ஏப்பிரல் 9, 10 ஆந் திகதிகளையும், பின்னர் செப்டெம்பர் 2 ஆந் திகதியையும் ஒட்டி அது நிகழும். அன்று நண்பகலிற் கோலுக்கு நிழலில்லை. முக்கோணி ஒரு கோடாக ஒடுங்கிவிடுகின்றது. நிழலால் உயரத்தைக் காண விழைபவன் அவ்வேளையில் எதையுங் காணான். ஒரு முறை எங்கே பயன்படும் என்பதை அறிந்தவன், அது எங்கே பயன்படாது என்பதையும் அறிதல் வேண்டும்.

விளக்கும் இரு கோல்களும்

ஆரியபட்டர் கி.பி. 499 இல் தம் நூலை இயற்றியதாகக் கொள்வர். அந்நூலின் கணிதபாதத்தில் விளக்கின் ஒளியால் விழும் நிழல் பற்றிய இரு விதிகள் உள. அவற்றுள் ஒன்று, விளக்கின் உயரமும் தூரமும் இரண்டும் தெரியாத நிலையில் அவற்றை இரு சங்குகளின் துணையால் அறியும் முறையைக் கூறுவது.

அணுக இயலாத ஒரு வேலிக்குள் உயர்ந்த விளக்குக் கம்பம் நிற்கின்றது என்க. அதன் நேரே ஒரு கோட்டில் ஒரு மீற்றர்க் கோல்கள் இரண்டு நாட்டப்படுகின்றன. அண்மையிலுள்ள கோலின் நிழல் 0.5 மீற்றர், சேய்மையிலுள்ளதன் நிழல் 0.8 மீற்றர். இரு நிழல் நுனிகளுக்கும் இடையிலுள்ள தூரம் 2.4 மீற்றர். முதற் கோலின் முக்கோணிக்கும் விளக்கின் முக்கோணிக்கும் உள்ள இயல்பொத்தமையால், கம்பத்தின் அடியிலிருந்து முதல் நிழல் நுனி வரையுள்ள தூரம், விளக்கின் உயரத்தின் 0.5 மடங்கு. இரண்டாம் நுனி வரையுள்ள தூரம் அவ்வுயரத்தின் 0.8 மடங்கு. இவற்றின் வேறுபாடு உயரத்தின் 0.3 மடங்கு, அதுவே 2.4 மீற்றர். ஆகவே உயரம் 8 மீற்றர். முதல் நுனி கம்பத்திலிருந்து 4 மீற்றர் தொலைவிலும், இரண்டாம் நுனி 6.4 மீற்றர் தொலைவிலும் உள்ளன. வேலியைத் தாண்டாமலே உயரமும் தூரமும் பெறப்பட்டன.

இம்முறையைச் சூரியனுக்குப் பயன்படுத்தினால் யாது நிகழும்? சமாந்தரக் கதிர்களில் இரு கோல்களின் நிழல்களும் சமமாகும். அவற்றின் வேறுபாடு பூச்சியம். பூச்சியத்தால் வகுத்தல் இயலாது. சூரியன் அளவிறந்த தொலைவில் உள்ளது என்பதையே கணிதம் தன் மௌனத்தால் உரைக்கின்றது. விளக்கின் நிழல்கள் வேறுபடுதலும் சூரியனின் நிழல்கள் வேறுபடாமையும் ஒரே விதியின் இரு முகங்கள் என உணரும் மாணவன், அவ்விதியை இனி மறவான்.

செங்கோணத்திலிருந்து இறங்கும் செங்குத்து

இதுகாறுங் கூறியவை இருவேறு முக்கோணிகள் பற்றியன. செங்கோண முக்கோணி தன்னுள்ளேயே தனக்கு இயல்பொத்த இரு முக்கோணிகளைக் கருக்கொண்டிருப்பது அதனினும் வியப்பானது. கசத என்னும் முக்கோணியில் க செங்கோணம் ஆகுக. செம்பக்கம் சத. க இலிருந்து செம்பக்கத்திற்கு ஒரு செங்குத்து இறக்கி, அது சந்திக்கும் புள்ளியை ந எனக் குறிக்க. இப்பொழுது மூன்று முக்கோணிகள் உள: முழு முக்கோணி ஒன்று, அதன் கூறுகள் இரண்டு. இடக்கூறு முழு முக்கோணியோடு ச கோணத்தைப் பகிர்ந்துகொள்கின்றது. வலக்கூறு த கோணத்தைப் பகிர்ந்துகொள்கின்றது. கூறுகள் இரண்டும் ந இற் செங்கோணம் உடையன. ஆகவே மூன்றும் தம்முள் இயல்பொத்தவை.

பரீட்சையில் மாணவரைத் தடுமாறச் செய்வது இதன்பின் வரும் படியே. ஒத்த பக்கங்களைக் கண்ணாற் பார்த்துத் தேர்தல் தவறு. கோணங்களைக் கொண்டே பெயரிடுதல் வேண்டும். முதலிற் செங்கோணம், அடுத்து ச கோணத்திற்குச் சமமான கோணம், இறுதியில் த கோணத்திற்குச் சமமான கோணம் என்னும் ஒழுங்கில் உச்சிகளை எழுதுக. முழு முக்கோணி கசத, இடக்கூறு நசக, வலக்கூறு நகத. இம்மூன்று பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், ஒத்த பக்கங்கள் தாமே நிரல்பட நிற்கும். முதலிரு எழுத்துகள் ஒரு நிரல்: கச, நச, நக. ஈற்றிரு எழுத்துகள் ஒரு நிரல்: சத, சக, கத. படத்தைத் திருப்பினும் கவிழ்ப்பினும் இந்நிரல் மாறுவதில்லை. மாணவனின் திகைப்புக்கு மருந்து இதுவே.

எண்களால் விளக்குவாம். கச 15, கத 20 எனக் கொள்க. இவ்வெண்கள் பாற்கராசாரியர் தம் பீசகணிதத்தில் எடுத்தாண்டவை. அந்நூலை அடக்கிய சித்தாந்த சிரோமணி 1150 இல் எழுந்தது. செம்பக்கம் யாது, அதனைக் காணும் முறைக்கு நியாயம் யாது என்பது அவர் அங்கே எழுப்பும் வினா. அவர் காட்டிய வழிகளுள் ஒன்று இயல்பொத்தமையே. செம்பக்கம் தெரியாததாகலின் அதற்கு ஒரு குறியீடு இடப்படுகின்றது. இடக்கூறில், செம்பக்கத்தின் துண்டாகிய நச, 15 இற்கு எவ்விகிதத்தில் உள்ளதோ, அவ்விகிதத்திலேயே 15 முழுச் செம்பக்கத்திற்கு உள்ளது. ஆகவே நச என்பது 225 ஐச் செம்பக்கத்தால் வகுத்த ஈவு. அவ்வாறே நத என்பது 400 ஐச் செம்பக்கத்தால் வகுத்த ஈவு. இரு துண்டுகளும் சேர்ந்தது செம்பக்கம். ஆகவே செம்பக்கத்தின் வர்க்கம் 225 உம் 400 உம் கூடிய 625, செம்பக்கம் 25.

இதனின்றும் பைதகரசின் தேற்றம் பெறப்பட்டமை காண்க. எண்களின் இடத்திற் குறியீடுகளை வைத்தால், எந்தச் செங்கோண முக்கோணிக்கும் அது பொருந்தும். செங்கோணத்தை அடுத்த இரு பக்கங்களின் வர்க்கங்கள் கூடிச் செம்பக்கத்தின் வர்க்கமாதல் ஏன் என்னும் வினாவிற்கு, சதுரங்களை வெட்டி ஒட்டிக் காட்டுதல் ஒரு விடை. முக்கோணி தன் கூறுகளுக்குத் தானே ஒத்திருத்தல் மற்றொரு விடை. பின்னையது குறுகியது, ஆழமானது.

துண்டுகளின் நீளங்கள் 9 உம் 16 உம் ஆகும். செங்குத்தாகிய கந 12. ஒன்பதைப் பதினாறாற் பெருக்க வரும் 144, பன்னிரண்டின் வர்க்கம். இது தற்செயலன்று: இடக்கூறில் 9 இற்கு 12 எவ்வாறோ, வலக்கூறில் 12 இற்கு 16 அவ்வாறு. செங்குத்து எப்பொழுதும் இரு துண்டுகளின் பெருக்கலிடையாகும். ஓரெண்ணின் வர்க்கமூலத்தை அளவுகோலும் மட்டமூலையும் கொண்டு நீளமாகவே வரைந்து காட்ட இவ்வுண்மை வழிசெய்கின்றது.

பரப்பின் இயல்பு

பக்கங்கள் மடங்காற் பெருகும்பொழுது பரப்பு அம்மடங்கின் வர்க்கத்தாற் பெருகும். நீளத்தையும் அகலத்தையும் இருமடங்காகக் கொண்ட வயலுக்கு விதைநெல் இருமடங்கு போதாது, நான்கு மடங்கு வேண்டும் என்பதை எந்த வேளாளனும் அறிவான். மேற்கூறிய மூன்று முக்கோணிகளிலும் இதனைக் காணலாம். முழு முக்கோணியின் பரப்பு 150 சதுர அலகு. கூறுகளின் பரப்புகள் 54 உம் 96 உம். 54 உம் 96 உம் கூடியது 150 என்பது வெளிப்படை. வெட்டிய துண்டுகள் முழுமைக்குச் சமமாதல் யாரும் மறுக்கவொண்ணாதது. ஆனால் இம்முக்கோணிகளின் செம்பக்கங்கள் முறையே 25, 15, 20. இயல்பொத்த உருவங்களின் பரப்புகள் ஒத்த பக்கங்களின் வர்க்கங்களைப் பின்பற்றுவன. ஆகவே 15 இன் வர்க்கமும் 20 இன் வர்க்கமும் கூடி 25 இன் வர்க்கமாதல் வேண்டும். பைதகரசின் தேற்றம் ஈண்டு ஒரு வரியில் முடிந்துவிட்டது.

ஆறும் நிலவளவையும்

பங்குடாவெளியிலிருந்து கல்முனை வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் கரையில் வாழ்பவர், நீரைக் கடவாமல் அகலத்தை அறியும் தேவையை உணராதிரார். எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறித்து, அதற்கு நேரெதிரே இக்கரையில் ஒரு முளை நாட்டுக. அங்கிருந்து கரையோரமாக 20 மீற்றர் நடந்து இரண்டாம் முளையை நாட்டுக. மேலும் 5 மீற்றர் நடந்து மூன்றாம் முளையை நாட்டி, அங்கிருந்து நீருக்குப் புறங்காட்டிச் செங்கோணமாகத் திரும்பி நடக்க. இரண்டாம் முளையும் மரமும் ஒரே பார்வைக்கோட்டில் அமையும் இடத்தில் நிற்க. நடந்த தூரம் 15 மீற்றராயின், நீரின் அகலம் அதன் நான்கு மடங்கு, அஃதாவது 60 மீற்றர். இரண்டாம் முளையிற் சந்திக்கும் குத்தெதிர்க் கோணங்கள் சமமாதலே இதன் நியாயம்.

இதே நியாயம் பெருகி நாடுகளை அளந்தது. பாரத தேசத்துப் பெரும் முக்கோண அளவையின் தொடக்கமாக வில்லியம் லாம்ரன் 1802 இற் சென்னைக்கு அண்மையில் ஓர் அடிக்கோட்டை அளந்தார். 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் அவரது பெருங்கருவியை ஏற்றியபொழுது அது மோதிப் பழுதுற்றது வரலாறு. இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800 இல் நிறுவப்பட்டது. இத்தீவின் முக்கோண அளவைக்கு அடிக்கோடுகளாக அமைந்தவற்றுள் ஒன்று நீர்கொழும்புப் பகுதியிலும் மற்றொன்று மட்டக்களப்புப் பகுதியிலும் அளக்கப்பட்டன. சங்கிலியாலும் கோலாலும் அளந்த நீளம் சிறிது. எஞ்சியன யாவும் கோணங்களால் வருவிக்கப்பட்டன. அளவையாளர் கையாளும் முக்கோணிகள் எல்லாம் செங்கோண முக்கோணிகள் அல்ல. எனினும் உச்சியிலிருந்து ஒரு செங்குத்தை இறக்கினால் எம்முக்கோணியும் இரு செங்கோண முக்கோணிகளாகப் பிரியும். ஆதலின் அடிப்படை அதுவே.

சைன், கோசைன், தாஞ்சன் என வழங்கும் விகிதங்களும் இயல்பொத்தமையின் பிள்ளைகளே. 30 பாகைக் கூர்ங்கோணமுடைய செங்கோண முக்கோணி, ஒரு கைம்முழ அளவினதாயினும் ஒரு காத அளவினதாயினும், அக்கோணத்திற்கு எதிர்ப்பக்கம் செம்பக்கத்திற் பாதியே. முக்கோணியின் பருமனைப் பொருட்படுத்தாது விகிதம் ஒன்றாயிருத்தலாலன்றோ, அதனை ஒரு தடவை கணித்து அட்டவணையில் எழுதிவைத்தல் இயல்வதாயிற்று! ஆரியபட்டர் 3438 கலை ஆரையுடைய வட்டத்திற்கு 3¾ பாகை இடைவெளியில் 24 அரைநாண்களுக்கு வழிவகுத்தார். நாணைக் குறித்த ஜ்யா என்னும் வடசொல்லே அரபு மொழி வழியாகச் சென்று, இலத்தீனில் மொழிபெயர்ப்புற்று, சைன் என்னும் பெயராகத் திரும்பி வந்தது. இவ்வரலாறு தெரியாத மாணவனுக்கு அட்டவணை வெறும் எண்குவியல். தெரிந்தவனுக்கு அது கோடானுகோடி முக்கோணிகளின் சாரம்.

கற்பித்தல் பற்றிச் சில

விகிதம் என்னும் கருத்துக் கணித வகுப்பிற்கு மட்டும் உரியதன்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1947 இல் வெளிவந்த யாழ்நூலிற் பண்டைத் தமிழரின் இசையை அவர் கணித முறையால் ஆராய்ந்தார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் மேற்றாயிக் குரல் எழும்; மூன்றில் இரண்டாக்கினால் இளி எழும். நீண்ட நரம்பாயினும் குறுகிய நரம்பாயினும் இது மாறாது. இத்தனை அங்குலம் குறைத்தால் இளி எழும் என்று எவரும் கூறல் இயலாது. இத்தனை மடங்கு என்றே கூறுதல் வேண்டும். செவியால் உணரப்படும் இயல்பொத்தமை இஃது எனலாம்.

ஆகவே ஆசிரியர் இப்பாடத்தைத் தேற்றத்திலிருந்து தொடங்காது கோலிலிருந்து தொடங்குவாராயின் நலம் விளையும். முதல் நாள், மாணவர் பலவேறு நீளமுள்ள குச்சிகளை நாட்டி, ஒரே வேளையில் நிழல்களை அளந்து, உயரத்தை நிழலால் வகுத்து எழுதுக. எல்லார் கையிலும் ஏறக்குறைய ஒரே எண் வருவதைக் கண்டபின், அது ஏன் என்னும் வினா அவர்களிடமிருந்தே எழும். தேற்றம் அவ்வினாவுக்கு விடையாக வருதல் வேண்டும். இரண்டாம் நாள், அதே அளவை மற்றொரு வேளையிற் செய்து, எண் மாறினும் எல்லார்க்கும் ஒருங்கே மாறுவதைக் காண்க. மூன்றாம் நாள், தடித்த தாளில் ஒரு செங்கோண முக்கோணியை வெட்டி, செங்குத்தின் வழியே கத்தரித்து, கூறுகளைத் திருப்பியும் கவிழ்த்தும் முழுமையின் பிரதியின்மேல் வைத்துப் பொருத்துக. கவிழ்த்தாலன்றிப் பொருந்தாமையைக் கைகள் அறிந்தபின், கண் மயங்குவதில்லை.

இவற்றிற்குப் பொருட்செலவு இல்லை. ஆய்வுகூடம் இல்லாத கிராமப் பாடசாலைக்கும் முற்றம் உண்டு. முற்றத்தில் வெயில் உண்டு. நகரத்துப் பெருங்கல்லூரியின் மாணவனுக்கும் வாவிக்கரைச் சிற்றூரின் மாணவனுக்கும் கோலும் நிழலும் ஒரே விகிதத்தையே கூறுகின்றன. சிறியதைச் செவ்வனே அறிந்தவன் பெரியதையும் அறியலாம் என்பதே இயல்பொத்தமையின் முடிந்த பொருள். அதனை மனப்பாடமாகவன்றி மனத்தெளிவாக மாணவர் பெறுமாறு செய்தல் கணித ஆசிரியரின் கடனாகும்.